சினை நண்டும் சான்றிதழும்

படகை ஓட்டுவது கொழுந்தன். நண்டைத் தரம் பிரிப்பது அண்ணி. முதுகுவலியால் கணவர் கரையோடு நின்றுவிட்ட பிறகு அந்தப் படகில் இப்படித்தான் வேலை நடந்தது. துறைமுகத்தில் அவளுக்குக் ‘கறார் அண்ணி’ என்று பெயர். கூண்டில் விழும் நண்டுகள் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே போனபோது, குஞ்சு நண்டு தப்பிப் போகக் கூண்டில் வழி வைக்க வேண்டும், முட்டை சுமக்கும் சினை நண்டைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு படகுக்காரரிடமும் போய் மல்லுக்கட்டியவள் அவள். பாதிப் பேர் அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல்தான் ஒத்துக்கொண்டார்கள்.

நண்டு மறுபடி பெருகியது. கடலைக் காலி பண்ணாமல் பிடித்தது என்று சான்றிதழ் கிடைத்தால் பெரிய கடைகளே தேடி வரும் என்றார்கள். எல்லாப் படகுகளும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள்.

ஆய்வாளர் வந்த அன்று பார்த்துக் கடலில் மழை பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்து பெட்டிகளை இறக்கியதும் ஆய்வாளர் அம்மாள் கைவைத்தது அண்ணியின் பெட்டியில். ஒரு நண்டைத் திருப்பினால், அடிவயிற்றில் மஞ்சளாக முட்டைக் கொத்து.

பக்கத்துப் படகின் நண்டு கலந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று கொழுந்தன் காதைக் கடித்தான். தன்னால் ஊருக்கே சான்றிதழ் போச்சே என்று அண்ணிக்குப் பதறியது. ஆனாலும் வாயைத் திறந்தாள்.

“எங்க படகு நண்டுதாங்க. மழையில நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”

உயிரோடிருந்த நண்டை வாங்கித் தண்ணீரில் விட்டாள். பிறகு தன் பெட்டிகளையெல்லாம் மேஜையில் கொட்டி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லாமலே மற்றப் படகுக்காரர்களும் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். வேறு சினை நண்டு ஒன்றுகூட அகப்படவில்லை.

ஆய்வாளர் கடைசிப் பெட்டிவரை நின்று பார்த்தார்.

“எல்லா இடத்துலயும் ஒண்ணு ரெண்டு தவறும்மா. தவறினா என்ன பண்றீங்கன்னு பார்க்கத்தான் வந்தேன்.”

அண்ணி ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சில வாரத்தில் சான்றிதழ் வந்தது, ஒரு நிபந்தனையோடு: கரையில் இன்னொருவர் மறுபடி சோதிக்க வேண்டும். அந்த வேலை கணவருக்கு வாய்த்தது.

“இனிமே உன் வேலையில நான் குத்தம் கண்டுபிடிக்கலாம்ல?” என்றார் அவர்.

“தாராளமா கண்டுபிடிங்க,” என்றாள் அண்ணி. அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.