எலிக்கு மட்டும் கேட்கும் சத்தம்

எங்கள் மாமாவைப் போன்ற அறிவாளி ஜோகுபாளையத்திலேயே கிடையாது. அம்மாவின் அண்ணன், ஏதோ ஓர் அலுவலகத்தில் ஃபைல் சுமந்தே தலை நரைத்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் எலி விரட்டும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து பிளக்கில் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"பிளக்ல போட்டா ஆயித்து. இதோட சத்தம் எலிக்கு மட்டும்தான் கேக்கும், நமக்குக் கேக்காது. சயின்ஸும்மா!" என்றார், விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த என்னிடம்.

"எலிங்க பேசிக்கிறதே அந்த மாதிரி சத்தத்துலதான் மாமா. கண்ணு தொறக்காத குட்டிகூட அப்படித்தான் அம்மாவக் கூப்பிடும்."

"எலி பேசுதாம்! இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பினீங்களா மச்சான்?"

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு மாமா சொல்வதெல்லாம் வேதவாக்கு. கடைசிப் பரீட்சைகூட எழுதவிடாமல் எனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் இந்த இரண்டு மேதைகள்தான். வேண்டாம் என்று அழுது பார்த்தேன். பொட்டப் புள்ள படிச்சு என்ன கிழிக்கப் போற என்றார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்தபோது கொடுத்த பட்டுப்புடவை, முந்தானையில் மஞ்சளரிசி முடிந்து, சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. நிச்சயத்தன்று சபையில்தான் எடுக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது. எலிக்கு அரிசியையும் வைத்து, காவலுக்கு மெஷினையும் வைத்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. மிக்சி, சைக்கிள், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மாமா, மெஷினுக்குத் தனி மரியாதையாக, சத்தம் வெளியே வரும் துளைகள் மேலேயே சந்தனத்தைக் கெட்டியாக அப்பினார். காய்ந்ததும் சிமெண்ட் பூசியது போலாகிவிட்டது. விளக்கு எரிந்தது, அவர்களுக்கு அது போதும். நான் பார்த்தேன், சொல்லவில்லை. சொன்னால் மட்டும் கேட்கவா போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். உண்மை அதுவல்ல. எலி ஜெயிக்கட்டும் என்று நினைத்தேன்.

நிச்சயத்தன்று அத்தனை பேர் முன்னிலையில் அலமாரியைத் திறந்தார்கள். புடவை கந்தல். "அபசகுனம்" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். தட்டு மாற்றாமலே போய்விட்டார்கள். மாமா மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

கந்தலுக்கு நடுவே ஏழு குட்டிகள், ரோமம்கூட முளைக்காதவை, வாயைத் திறந்து திறந்து மூடின. அப்பா முறத்தில் வாரினார். "சத்தமே இல்லியே, சாகப் போகுதா? நீதான் படிச்சவளாச்சே, சொல்லு."

அவை கத்திக்கொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும். பேசினால் என் சந்தோஷம் குரலில் தெரிந்துவிடும். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வாசல் சாக்கடையில் கொட்டினார்.

தாய் எலி பட்டப்பகலில், எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து, சாக்கடை ஓரமாக ஓடி ஓடித் தேடியது. மாமா மேலும் அப்பா மேலும் இருந்த கோபம் மறந்துபோனது. என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.