பிலோமினாவுக்குப் போட்ட பொன்னாடை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

என் வீட்டு பீரோவில் இதுபோல் ஏகப்பட்டது கிடக்கிறது. உடுத்த முடியாது, விரிக்க முடியாது, துடைத்தால் ஈரம் போகாது. வாங்கியவன் என்னதான் செய்வான்? இருந்தாலும் கூப்பிட்டால் போய்விடுகிறேன். பத்தி எழுதுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு என்ன வேலை?

அன்று நடந்தது வெள்ள மீட்பு ஒத்திகை. உழவர்கரைப் பக்கம் எங்கள் காலனி கொஞ்சம் பள்ளம். மழை வலுத்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். இன்னும் வலுத்தால் வீட்டுக்குள் வரும். அதனால் எங்கள் குடியிருப்போர் சங்கம் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் ஏற்பாடு செய்திருந்தது. இந்த முறை தலைப்பு - மாற்றுத்திறனாளிகளை மீட்பது எப்படி?

சிறப்பு விருந்தினர் வரிசையில் எனக்கு அடுத்து பிலோமினா. தெருக்கோடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலிதான். அவருக்கும் ஒரு பொன்னாடை.

எதிரே மைதானத்தில் மீட்புப் பணி மும்முரம். மாற்றுத்திறனாளியாக நடித்தவர் தினமும் ஜிம்முக்குப் போகிற ஓர் இளைஞர். காலில்தான் பிரச்சினை என்று மைக்கில் சொன்னார்கள். கட்டு மட்டும் தலையில் போட்டிருந்தார்கள். நாலு பேர் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கைதட்டல். அவரும் படுத்தபடியே கையசைத்தார்.

“சார்...” என்றார் பிலோமினா மெதுவாக. “நான் இங்கதான குந்தினு இருக்கேன்? என்னத் தூக்கிப் பாத்தா இன்னா?”

நியாயமாகத்தான் பட்டது. சங்கச் செயலாளர் தனசேகரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதறிவிட்டார்.

“ஐயோ, அவங்க கெஸ்ட் சார்! அவங்களப் போயி சிரமப்படுத்தலாமா?”

சொல்லிவிட்டு மைக்குக்கு ஓடிவிட்டார். பிலோமினா சிரித்தார். கோபமெல்லாம் இல்லை. கடையில் கரண்ட் போனால் எப்படிச் சொல்வாரோ, அப்படித்தான் அடுத்ததையும் சொன்னார்.

“போன தடவ தண்ணி வந்தப்ப என்னப் படகுல தூக்கினு போனாங்க சார். தப்பு சொல்லல. ஆனா இந்தச் சேர வூட்லயே உட்டுட்டாங்க. அப்பறம் எடுத்துக்கலாம்னாங்க. கேம்ப்ல ரெண்டு நாளு ஒரு பெஞ்சுல கெடந்தேன். தண்ணியே குடிக்கல.”

“ஏம்மா, தண்ணி தரலியா?”

“தந்தாங்க. குடிச்சா பாத்ரூம் போவணும். போவணும்னா யாரயாவது தூக்கச் சொல்லணும். இந்தத் தடவ சேர் இல்லாம நான் கெளம்பறதா இல்ல சார்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த முகாமுக்கு நானும் போயிருந்தேன். அங்கே மனிதநேயம் பொங்கி வழிந்ததாக இதே பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன்.

மறுபடி தனசேகரிடம் போய் இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினார். நாற்காலியோடு பிலோமினாவைத் தூக்கிப் பள்ளிக்கூட வராந்தாவில் ஏற்றுவது என்று முடிவானது. ஐந்து படிகள். பக்கத்திலேயே சாய்தளம் உண்டு. அதன் மேல் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ‘யாரும் விடுபடக் கூடாது’ என்று தனசேகர் பேசியது அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

உற்சாகத்தில் நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

“சார், அதப் புடிக்காதீங்க...” என்றார் பிலோமினா. மைக் சத்தத்தில் யார் காதில் விழும்? ஒன்று... இரண்டு... மூன்று!

நாற்காலி நகரவில்லை. கை வைத்துக்கொள்கிற பகுதி மட்டும் கழன்று என்னோடு வந்துவிட்டது. பிலோமினா ஒரு பக்கமாகச் சரிந்தார். ஜிம் இளைஞர் தலைக்கட்டோடு பாய்ந்து பிடித்தார். அன்று நடந்த ஒரே உண்மையான மீட்பு அதுதான்.

“அது கழட்டி மாட்றது சார். நான் கட்டில்ல எறங்கறதுக்கு,” என்று மூச்சு வாங்கச் சொன்னார் பிலோமினா. பிறகு அவரே பொறுப்பை எடுத்துக்கொண்டார். “பின்னாடி தள்ற கம்பிய ரெண்டு பேரு. முன்னாடி சீட்டுக்குக் கீழ ஃப்ரேம ரெண்டு பேரு. பின்பக்கமா சாச்சுத் தூக்குங்க. அவசரப்படாதீங்க.”

இந்தத் தடவை நாற்காலி ஏறியது. மூன்றாவது படியில் முன்னால் இருந்தவர்கள் கொஞ்சம் தாழ்த்திவிட, அவர் வழுக்கி சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். “பெல்ட்டு அறுந்து போச்சு. மாத்தணும்,” என்றார். மாற்றித் தருகிறோம் என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். பிறகு டிபன் வந்தது. பெல்ட்டை எல்லோரும் மறந்துபோனோம்.

போன வாரம் மழை வந்தது.

மதியத்துக்குள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒரு ஃபைபர் படகு கொண்டுவந்தார்கள். நான் மாடி பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை. இறங்கினால் என்னையும் யாராவது தூக்க வேண்டியிருக்கும்.

படகு பிலோமினா வீட்டு வாசலில் நின்றது. வந்த நாலு பேரும் மீனவர்கள். எங்கள் ஒத்திகையைப் பார்க்காதவர்கள்.

“நீங்க மட்டும் வாங்கக்கா. சேர அப்பறம் பாத்துக்கலாம்!”

“சேர் வந்தாதான் நான் வருவேன்,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “செவப்பு டேப்பு ஒட்டியிருக்கேன் பாருங்க. அங்க மட்டும் புடிங்க!”

“கை வைக்கிற எடத்தப் புடிக்காதீங்க!” என்று நானும் மாடியிலிருந்து கத்தினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிவப்பு டேப்பைத் தேடிப் பிடித்துத் தூக்கினார்கள். படகு விளிம்பைத் தாண்டும்போது நாற்காலி முன்பக்கமாக நன்றாகவே சாய்ந்தது. பிலோமினா அசையவில்லை. இடுப்பில் பளபளவென்று ஏதோ தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அன்றைக்குப் போட்ட பொன்னாடை! நாற்காலியோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்.

என் பீரோவில் இன்னும் நிறைய இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.