திருத்தணி வரை நீண்ட சண்டை

காலை ஆறரை மணிக்குச் சென்னை சென்ட்ரலில் திருத்தணி வண்டியைப் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்கு முப்பது ரூபாய்கூட இல்லை. நாங்கள் குடியிருக்கும் ஜெர்மனியில் அந்தக் காசுக்கு நடைமேடையில் நின்று வேடிக்கைதான் பார்க்கலாம். ஆடிக் கிருத்திகை என்பதால் பெட்டி முழுக்க மஞ்சள் புடவையும் மஞ்சள் வேட்டியும். என் கணவர் சுரேஷுக்கும் எட்டு வயது மகன் கவினுக்கும் இடம் கிடைத்தது. நான் திருவள்ளூர் வரை நின்றேன். நின்றுகொண்டு சண்டை போடுவதில் ஒரு வசதி உண்டு, குரல் தானாக உயர்கிறது.

சண்டை இதுதான். கவின் படிக்கும் பள்ளியில் ஜெர்மன் தவிர வேறு மொழி பேசக்கூடாது, இடைவேளையில்கூட. போன கல்வியாண்டு முடியும் சமயம், மைதானத்தில் இன்னொரு தமிழ்ப் பையனிடம் இவன் "டேய், லேஸ் அவுந்திருக்கு, வுழுந்துடுவ" என்று சொல்லியிருக்கிறான். அதற்காக மறுநாள் இடைவேளை முழுக்க வகுப்புக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டார்கள். விழாமல் காப்பாற்றியதற்குத் தண்டனை. பள்ளி திறந்ததும் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் இந்த விதியை எதிர்த்துப் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். உறுதிதானா என்று கேட்டு மின்னஞ்சல் வந்திருந்தது. இன்று இரவுக்குள் பதில் போடவேண்டும். இதற்கிடையில் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அரசு அலுவலகத்தில் காத்திருக்கிறது. கூட்டத்தில் பேசினால் அது கெடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சுரேஷின் பயம் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டா வருகிறது?

"பேப்பர் கைக்கு வர்ற வரிக்கும் வாய மூடிக்கினு இருந்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றார்.

"வந்த அப்புறம், குடுத்தவங்களையே கொற சொல்றியான்னு கேப்பீங்க" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கையிலிருந்த பூவைக் கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கோணத்தில் கூட்டம் நெருக்கியதும் நாங்கள் வாயை மூடினோம்.

ஒன்பது மணிக்குத் திருத்தணி. வழக்கமாக எண்பது ரூபாய் வாங்கும் ஆட்டோக்காரர் இன்று நூற்றைம்பது கேட்டார். திருவிழா என்றால் இதெல்லாம் உண்டு, ஏறிவிட்டோம். அவர் கைப்பேசியில் தெலுங்கில் பேசினார், எங்களிடம் தமிழில் பேசினார், குறுக்கே பைக்கில் வந்தவரை இரண்டிலும் திட்டினார். "எது உங்க வீட்டு பாஷை?" என்று கவின் கேட்டான்.

"ஊட்ல தெலுங்கு, ரோட்ல தமிழு. கோவம் வந்தா எது முன்னாடி வருதோ அது" என்றார்.

இறங்கப்போன வீடு சுரேஷின் அண்ணனுடையது. அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி வாங்கி வந்து கடைத்தெருவில் விற்கிறார். அவர் மனைவி ரேணுகா அக்கா ஆந்திராப் பக்கம் நகரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மிஞ்சினால் இருபது கிலோமீட்டர் தூரம், ஆனால் வேறு மாநிலம். கூடத்தில் பூக்காவடி பாதி கட்டியபடி நின்றது. வீட்டில் விரதம். கவினுக்கு மட்டும் இட்லி, எங்களுக்குக் காபி.

காபி ஆறுவதற்குள் சுரேஷ் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாவா தீர்ப்பு சொல்லத் தயங்குகிறவர் இல்லை.

"பொழைக்கப் போன எடத்துல நமக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? அவன் ஊரு, அவன் சட்டம். இங்க வடக்கேர்ந்து வந்தவன் ஒருத்தன் நம்ம காவடிய கொற சொன்னா நீ கேட்டுக்கினு இருப்பியா?"

நியாயமான கேள்விதான். "வந்து பத்து நாள் ஆனவன் சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவேன் பாவா. பத்து வருஷம் நம்மகூடக் கொழாயடியில நின்னவன் சொன்னா, இன்னான்னு கேப்பேன்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா மஞ்சள் புடவையில் வந்து காவடியின் முன் நின்றார். பாவாவின் முகம் மாறியது. அந்த வீட்டில் இன்னொரு சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மகள் காய்ச்சலில் படுத்திருந்தபோது அக்கா காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் பெண்கள் காவடி எடுப்பதில்லை.

"நைனா காலத்துலேர்ந்து நம்ம வூட்ல ஆம்பளைங்கதான். ஒனக்குப் பதிலா நான் எடுக்கறேன்னு சொல்லிக்கினே இருக்கறேன்" என்றார் பாவா.

"வேண்டிக்கினது நானு. தோளு மட்டும் ஒங்களுதா?" அக்கா பூவைச் செருகியபடியே கேட்டார். "ஒண்ணு சொல்லுங்க. நான் இந்த வூட்டுக்குப் பொழைக்க வந்தவளா, வாழ வந்தவளா?"

"இன்னா பேச்சு இது. வாழ வந்தவதான்."

"அப்ப இது என் வூடு. என் வூட்டு வழக்கத்துல எனக்குப் புடிக்காதத நான் சொல்லாம பக்கத்து வூட்டுக்காரியா வந்து சொல்லுவா?"

நான் விடவில்லை. "பாவா, எனக்கும் அதே கேள்விதான்" என்றேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணா? இவளத் தாலி கட்டிக் கூட்டியாந்தேன். ஒனக்கு அந்த ஊர்க்காரன் தாலியா கட்டினான்?"

"தாலி கட்டல. மாசாமாசம் வரி வாங்கறான். முதியோர் இல்லத்துல அவங்க ஊர்ப் பெரியவங்களக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிடறது நான்தான். அது மருமக செய்யற வேலதானே பாவா? வேல செய்யும்போது மருமக, வாயத் தொறந்தா விருந்தாளியா?"

அக்கா கடைசிப் பூவையும் செருகி முடித்தார்.

பதினோரு மணிக்கு மேல் படியேறத் தொடங்கினோம். வெயிலில் படி சுட்டது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சுற்றிலும் அரோகரா சத்தம். காவடியை அக்காதான் தூக்கினார். பாவா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். ஆனால் கூட்டம் இடிக்கும்போதெல்லாம் கையை நீட்டி வழி விலக்கினார். கோபம் போகவில்லை. மலையிறங்கும் வரை அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் அதற்காக அழவில்லை.

பிடிக்கவில்லை என்றால் ஊருக்குப் போ என்று ஜெர்மனியில் என்னிடம் சொன்னவர்கள் உண்டு. மலைமேல் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். போகப்போகிறவளாக இருந்தால் நான் ஏன் சண்டை போடுகிறேன்? பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேனே. அந்த ஊரின் ரயிலும் ஆஸ்பத்திரியும் எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாதே என்றால் ஆணிகூட அடிக்காமல் இருக்கிறேன். இந்த ஒரு விதி தவறு. அதைச் சொல்லிவிட்டு அங்கேயேதான் இருப்பேன்.

மாலை வண்டியில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. கவின் என் மடியில் தூங்கிப்போனான். கைப்பேசியை எடுத்து, "ஆம், பேசுகிறேன்" என்று பள்ளிக்கு அனுப்பினேன். அனுப்பியதைச் சுரேஷிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்குது" என்றார். "பேசறத எழுதிக் குடு. ஜெர்மன்ல மேசை ஆம்பள, கதவு பொம்பள, ஒனக்கு அதெல்லாம் தப்புத் தப்பா வரும். சிரிப்பாங்க. நான் திருத்தித் தரேன்."

"வேணாங்க. வர்றபடி வரட்டும்" என்றேன். "சொந்த ஊர்ல சண்ட போடறவங்க யாராவது இலக்கணம் பாப்பாங்களா?"