எடுக்காமல் விட்ட சிரிப்பு

இது உண்மையாக நடந்தது. கதை கட்டுகிற ஆளாக இருந்தால் இதையே படமாக எடுத்திருப்பேன், உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். சந்தேகம் இருப்பவர்கள் பண்டாரவளைக்கு வாருங்கள். என் போனில் ஒரு சின்ன வீடியோ இருக்கிறது. போனைத் தருகிறேன், நீங்களே திறந்து பாருங்கள். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன்.

என் பெயர் யசோதினி. கல்யாண வீடு, சடங்கு வீடு என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். அப்பா அம்மா இல்லை. வீட்டில் நானும் தம்பி மதுரனும் மட்டும்தான். அவனை நான்தான் வளர்த்தேன். எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவன். லைட், ஜெனரேட்டர், சாமான் தூக்குவது எல்லாம் அவன் வேலை. எதைச் சொன்னாலும் "ஏன்" என்று நாலு தரம் கேட்காமல் செய்யமாட்டான்.

போன வருடம் பதுளையில் ஊவா மாகாணத்தில் புதிதாகப் படம் எடுப்பவர்களுக்காக ஒரு குறும்பட விழா வைத்தார்கள். என் படமும் தேர்வானது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு தாய் செத்துப்போகிறாள், கொழும்பில் கடையில் நிற்கும் மகன் வந்து சேரும் வரை பிணம் காத்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. ஹல்துமுல்லைப் பக்கம் மண்சரிவுப் பயத்தில் ஆட்களை வெளியேற்றிய பழைய லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு ஒன்றில், எடுத்தோம். தாயாக நடித்தவர் பூவம்மா அக்கா. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், கமராவுக்குக் கொஞ்சமும் கூச்சப்படாதவர்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவரை, எழுந்ததும் கமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும். இந்த ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. எடுக்காமல் விட்டால் நடிப்பு நடிப்போடு நிற்காது என்பார்கள். சாமி கும்பிட மறந்தாலும் இதை நான் மறப்பதில்லை. பூவம்மா அக்கா வெற்றிலைக் காவி தெரிய வஞ்சகமில்லாமல் சிரித்தார். எடுத்துக்கொண்டேன்.

விழா ஒரு சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு என் படம். மூன்று மணிக்கு மண்டபத்தில் போட்டுப் பார்த்தால், பாதியில் சத்தம் அறுந்துபோனது. நல்ல பிரதி பண்டாரவளை வீட்டில் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. மதுரனுக்கு அழைத்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுவரச் சொன்னேன். சரியான மழை. தெமோதரை வளைவுகளில் மெதுவாக வா என்று சொல்லித்தான் வைத்தேன்.

அவன் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. படப்பிடிப்பில் எடுத்த படம் ஒன்று வாசலில் ஒட்டக் கேட்டிருந்தார்கள். லெப்டொப்பைத் திறந்து, லயத்தில் எடுத்த வீடியோத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் துண்டு, லைட் பார்ப்பதற்காக எடுத்தது. பூவம்மா அக்கா சேலை மாற்றிக்கொண்டிருந்தார். பிணத்தைப் போர்த்தும் வெள்ளைத் துணி லைட்டில் அதிகமாக வெளுக்கிறதா என்று பார்க்க யாராவது படுக்க வேண்டும். கமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "மதுரன், கொஞ்ச நேரம் படுறா" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தபோது மர வாங்குப் பலகையில் படுத்திருந்தான், முகத்தையும் மூடிக்கொண்டு. கொஞ்சம் எடுத்தேன். "அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு, பூவம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது வாங்கில் அவர் படுத்திருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. மதுரனும் பிணமாகப் படுத்திருக்கிறான். அவனுடைய சிரிப்பை நான் எடுக்கவில்லை.

மழையில், அந்த வளைவுகளில், தனியாக வந்துகொண்டிருக்கிறான்.

அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டேன். ஏன் பார்த்தேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். வாய்க்கு மேல் கிடந்த துணி அசையவே இல்லை. மூச்சு விட்டால் கொஞ்சமாவது ஏறி இறங்க வேண்டுமே...

கால்களைப் பார்த்தேன். துணிக்கு வெளியே பாதங்கள் தெரிந்தன. பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஓர் அழுக்குத் துணித் துண்டால் கட்டியிருந்தது. பிணத்துக்குக் கட்டுவது போல. பூவம்மா அக்காவுக்கு நான்தான் கட்டினேன், புதுத் துணியில். ஆனால் அது பிறகு. இதைக் கட்டியது யார்? சேட்டைக்காரன், தானே கட்டிக்கொண்டிருப்பான் என்று மனதைத் தேற்றினேன்.

அவனுக்கு அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும். மறுபடியும்...

நேரம் 4.47. அவன் நம்பரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது.

மங்கலாக இருந்தது. முகம் மட்டும் தெரிந்தது, மிகக் கிட்டத்தில். மதுரன்தான். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. சாட்சி வேண்டுமே என்று போன் திரையைப் பதிவு செய்யத் தொடங்கினேன்.

"வண்டிய நிப்பாட்டிட்டியா? என்னைப் பார்த்து ஒருக்கா சிரிடா."

ஏன் என்று அவன் கேட்கவில்லை.

சிரித்தான்.

மண்டபத்துத் தகரக் கூரையில் மழை கொட்டியது. அவன் பக்கத்தில் மழைச் சத்தமே இல்லை. வண்டிச் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"போதுமா?" என்றான். "இனி எந்திரிக்கட்டுமா?"

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன்.

"எந்திரி. எந்திரிச்சு வா."

அழைப்பு அறுந்தது.

5.20க்கு மதுரன் வந்தான். தொப்பலாக நனைந்து, ஹார்ட் டிஸ்கைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அழுகை வந்துவிட்டது எனக்கு. நல்ல நேரம் சிரித்தாய் என்று சொன்னேன்.

"எப்ப சிரிச்சேன்? போனை அவசரத்துல வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேங்க்கா. சார்ஜ்ல கெடக்கு."

வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். சாவி அவன் சட்டைப்பையில்.

பதிவைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தான். பிறகு தன் வாயைத் திறந்து காட்டினான். சின்ன வயதில் விழுந்து, அவன் முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருக்கும்.

திரையில் சிரித்த வாயில் எல்லாப் பல்லும் முழுசாக இருந்தது.

லெப்டொப்பில் அந்தத் துண்டையும் காட்டினேன்.

"இது நான் இல்லக்கா. நீதானே ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்க டவுனுக்கு அனுப்பின? நான் வரும்போது ஷாட்டே முடிஞ்சிருச்சு."

ஆமாம்... நான்தான் அனுப்பியிருந்தேன்.

ஆறு மணிக்குப் படம் ஓடியது. கைதட்டினார்களாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மதுரனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு ஜாபிர் அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனோம். பூட்டு போட்டபடி இருந்தது. ஜன்னல்கள் சாத்தியபடி. போன் மதுரனின் கட்டிலில், சார்ஜில்.

4.47. அதிலிருந்து வெளியே போன அழைப்பு ஒன்று. எனக்கு.

கட்டிலில் போனுக்குப் பக்கத்தில் ஓர் அழுக்குத் துணித் துண்டு கிடந்தது. இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டிய மடிப்பு அதில் இன்னும் மாறவில்லை.

முடிச்சு அவிழ்ந்திருந்தது.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். மதுரன் நன்றாக இருக்கிறான். ஆனால் இரவில் அவன் என் அறைக் கதவைத் தட்டினால், சிரித்துக் காட்டச் சொல்லி, பல்லைப் பார்த்த பிறகுதான் திறக்கிறேன்.

வீடியோவை அழிக்க மனம் வரவில்லை. அதில் கடைசியாகக் கேட்பது என் குரல்.

"எந்திரிச்சு வா..."