மூன்றை எட்டாக்கிய டேப்

சலீம் நானா, அந்த டேப்பை ஒட்டியது நான்தானே!

நானா என் அண்ணன். நாங்கள் இருக்கும் போபோடி ஏரியாவிலிருந்து பைக்கில் பார்சல் கொண்டுபோவான். வேகமாகப் போனதற்குக் கேமரா அபராதம் போட்டுக்கொண்டே இருந்தது. அதனால் நம்பர் பிளேட்டில் கறுப்பு டேப் ஒட்டி மூன்றை எட்டாக்கினோம்.

"அபராதம் அந்த எட்டு நம்பர் வண்டிக்காரருக்குப் போவுமே நானா?"

"போவட்டும்டி. பணக்காரனா இருப்பான்!"

ஒரு மாலை நானா வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. உம்மா வாசலைவிட்டு நகரவில்லை.

லாரி இடித்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். போலீஸ் பிளேட்டைப் பார்த்து, வாகட் ஏரியாவிலிருந்த அந்த எட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வண்டி அவர் வீட்டில்தான் நின்றது. எங்கள் அபராதமெல்லாம் அவருக்குத்தான் போயிருந்தது. ஆனாலும் வந்தார். டேப்பை நகத்தால் உரித்துச் சரியான நம்பரைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது.

ஓடினேன். நானாவின் உயிர் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டுக்காரர் அவன் கையை இன்னும் விடவில்லை.

"அங்கிள், டேப் ஒட்டுனது நான்தான்" என்று இந்தியில் சொல்லி அழுதேன்.

"அழாத பேட்டா. அவன் தனியாப் போகல" என்றார்.

இதைப் படிக்கிற எல்லாரும் என் சலீம் நானாவுக்காக துஆ செய்யுங்கள். அந்த எட்டுக்காரருக்காகவும்.