காலால் பார்த்த உரம்

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் தலையில் தண்ணீர் விழுந்த மாத்திரத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். சாப்பிட்ட இலை, மங்குஸ்தான் தோல், சீயக்காய்ப் பொட்டலம், எண்ணெய்ப் பாட்டில், கிழிந்த துண்டு எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். மறப்பதற்குத்தானே வருகிறார்கள், மறந்துவிட்டுப் போகட்டுமே என்று நானும் இருந்தவன்தான். அவர்கள் கொடுக்கிற வாடகையில் சம்பளம் வாங்கிய லாட்ஜ் மேனேஜர் வேறு எப்படி இருப்பான்?

அப்படி இருக்க முடியாத ஓர் ஆள் சங்கிலிப்பாண்டி. இலஞ்சிப் பக்கத்து வயல்களுக்கு மடை திறந்து அடைக்கிற வேலை அவருக்கு. எழுபத்துமூன்றாம் வருஷ சீசனில் அருவியிலிருந்து சிற்றாற்றில் போன எச்சில் இலையெல்லாம் வாய்க்கால் மடையில் வந்து அடைத்துக்கொண்டது. மாதக்கணக்கில் மார்பளவு தண்ணீரில் நின்று அதை இழுத்து இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார். அந்தக் குவியல் புரட்டாசியில் கறுத்து மக்கிக் கிடந்தது. கையில் அள்ளி மோந்து பார்த்தவருக்கு, இனிமேல் இதை ஆற்றில் விடக்கூடாது என்று தோன்றிவிட்டது.

மறு சீசனில் ஒற்றை மாட்டு வண்டியோடு ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும் லாட்ஜ் வாசலிலும் வந்து நின்றார்.

"ரெண்டு டிரம்மு வைங்க மேனேஜரய்யா. ஒண்ணுல இலை, தோலு, சோறு. இன்னொண்ணுல பாட்டிலு, தகரம். ரெண்டையும் கலந்துராதிய. அம்புட்டுதான் நான் கேக்கது."

சிரித்தோம். குப்பைப்பாண்டி என்று பெயர் வைத்தோம். பிறகு, நாம் கையை அசைக்காமலே குப்பை போய்விடுகிறதே என்று ஒவ்வொருவராக டிரம் வைத்தோம். பாட்டில்களைத் தென்காசியிலிருந்து கிதிர் முகம்மது என்ற பழைய பாட்டில் வியாபாரி வந்து எடுத்துக்கொண்டார். இலையும் தோலும் ஊருக்கு வெளியே பாண்டி வெட்டியிருந்த குழிகளுக்குப் போயின. சாணியோடு அடுக்கி, மூடி, புரட்டி, மக்க வைத்து, பிசானப் பருவ நெல் நடவுக்கு முன்னால் வயல்களுக்கு வண்டி வண்டியாக அனுப்புவார். இரண்டு மூன்று வருஷத்தில் மடையில் அடைப்பு நின்றே போனது. சீசன் முடிந்த பிறகும் ஆற்றில் இறங்கி முகம் கழுவலாம் என்று ஆனது.

உரத்தை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. களத்தில் அதைக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி, வெறுங்காலோடு மேலே நடப்பார். ஒரு பாதத்தை ஒட்டி அடுத்த பாதம், அந்தக் கோடி வரை போய், திரும்பி, இந்தக் கோடி வரை. டிரம் மாற்றி எவனாவது கண்ணாடியைப் போட்டிருந்தால் காலில் தட்டுப்பட்டுவிடும். சல்லடையில் சலித்தால் போதாதா என்று ஒருதடவை கேட்டேன்.

"ஈர உரம் சல்லடையில எறங்காது. நடவுக்குப் பொம்பளேள் வெறுங்காலோடதான எறங்குதாவ. அப்ப வெறுங்காலுதான் பாக்கணும்" என்றார்.

அவர் காலில் எத்தனையோ கீறல். ஆனால் ஆறேழு வருஷமாக, அவர் உரம் போட்ட வயலில் எந்த நடவுக்காரிக்கும் ஒரு சில்லு குத்தியதில்லை.

அப்புறம் மதுவிலக்கை எடுத்தார்கள். அருவிக்கரையில் கால்பாட்டில்கள் உருள ஆரம்பித்தன. குடித்துவிட்டுப் பாறையில் அடித்து உடைப்பது ஒரு வீரமாகிப் போனது. எங்கள் லாட்ஜில் அறை கூட்டுகிறவன் உடைந்த சில்லை வாழை இலையில் சுருட்டி இலை டிரம்மிலேயே போட்டான். அதை நான் பார்த்தேன். சீசன் கூட்டத்தில் அவனைக் கூப்பிட்டுத் திட்ட யாருக்கு நேரம், பாண்டிதான் காலால் பார்த்துவிடுவாரே என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

எண்பத்துமூன்று ஐப்பசியில் இரண்டு வயல்களுக்கு உரம் போயிருந்தது. முதல் வயலில் நடவு முடிந்து ஒரு வாரம் கழித்து, அங்கே நட்ட உலகம்மாள் என்ற பெண்ணுக்கு வாய் திறக்க முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. தென்காசி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரணஜன்னி என்றார்கள். உள்ளங்காலில் ஒரு வெட்டு இருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் பாண்டி லாட்ஜுக்கு வந்தார். "ஊர்ல என் உரத்தச் சொல்லுதாவ மேனேஜரய்யா. நான் நடந்து பாத்த உரம். முள்ளு கிள்ளு குத்தியிருக்கும். கூட வந்து டாக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

முதல் பஸ்ஸில் போனோம். வெளிச்சமும் சத்தமும் படக்கூடாது என்று உலகம்மாளை இருட்டறையில் போட்டிருந்தார்கள். யாரோ வாளியை வைத்த சத்தத்துக்கு அவள் உடம்பு வில்லாக வளைந்து கட்டிலை விட்டு எழும்பியது. வாசலில் நின்ற எங்களுக்கு அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை. மூன்றாம் நாள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாண்டி நர்ஸ் கோமதியம்மாளிடம், "முள்ளுதான தாயி? கண்ணாடியா இருக்காதுல்லா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் காதில் வாங்காமல் தரையையே பார்த்தாள்.

"யாருய்யா அது, கழுவின தரையெல்லாம் ரத்தமா இழுகிட்டு வந்தது?"

திரும்பிப் பார்த்தோம். வராந்தா முழுக்க, வாசல்படியிலிருந்து நாங்கள் நின்ற இடம் வரைக்கும், ஒரே பாதத்தின் ரத்தத் தடம். பாண்டியின் வலது காலில் வந்து முடிந்தது.

கோமதியம்மாள் அவரை பெஞ்சில் உட்கார வைத்துக் காலைத் தூக்கினாள். இடுக்கியால் ஒரு சில்லை உருவினாள். கட்டைவிரல் நகமளவு இருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் ஓர் ஊசியை எடுத்துப் பாதத்தில் குத்தினாள்.

"தெரியுதா?"

ஊசி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே, "இல்ல" என்றார். இன்னொரு காலிலும் குத்தினாள். "இல்ல."

"சர்க்கரையா இருக்கும். காலு மரத்துப் போச்சு. டாக்டரப் பாக்காமப் போகக்கூடாது, கேட்டீரா?" கட்டுப் போட்டு, கையில் ரணஜன்னித் தடுப்பு ஊசியும் போட்டாள். அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"எத்தன நாளா மரத்திருக்கும் தாயி?"

"ஒரு நாள்லயா மரக்கும்? வருசக்கணக்கா வந்திருக்கும்."

பாண்டி திடீரென்று எழுந்து என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் எனக்கு எலும்பு வலித்தது.

"இன்னைக்கு நம்பிராஜன் மொதலாளி வயல்ல நடவு. நம்ம உரந்தான். எறங்கியிருப்பாளுவளே ஐயா!"

ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகை சைக்கிள் எடுத்தேன். பின்னால் அவரை உட்கார வைத்து மிதித்தேன். இலஞ்சி போகிற வரைக்கும் "எறங்கியிருக்கக் கூடாது, குத்தாலநாதா, எறங்கியிருக்கக் கூடாது" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. நடுவில் என் முதுகில் குத்தி, "மிதியும், மிதியும்" என்று கத்தினார். என் வாழ்நாளில் அப்படி நான் எதற்காகவும் மிதித்ததில்லை.

நடவுக்காரிகள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றார்கள். சகதியில் நாற்று முடிகளை வீசியாகிவிட்டது. அவர்களில் மூத்தவளான பேராச்சி ஒரு காலைத் தூக்கியிருந்தாள். பாண்டி ஓடுகிற சைக்கிளிலிருந்து குதித்து விழுந்தார்.

"எறங்காதிய! உரத்துல சில்லு கெடக்கு! என் காலு செத்துப்போச்சு. நான் நடந்து பாத்ததெல்லாம் பொய்யி!"

பேராச்சி காலைப் பின்னால் வாங்கிக்கொண்டாள். உலகம்மாள் அவளுடைய அண்ணன் மகள்.

வயல்காரர் நம்பிராஜன் பட்டாளத்திலிருந்து வந்து பயிர் செய்கிறவர். கெட்டவர் இல்லை. "நாத்தப் பிடுங்கியாச்சு பாண்டி. இன்னைக்கு நடலைன்னா வாடிரும். தண்ணி மொறையும் சாயங்காலத்தோட முடியுது. ஒனக்குத் தெரியாதா? நீதான மடைக்காரன்?" என்றார். அந்த முக்கால் ஏக்கர்தான் அவருக்கும்.

"உச்சிக்குள்ள நான் கையால தடவி எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் பொறுங்க."

பாண்டி சகதியில் மண்டியிட்டு இறங்கினார். இரண்டு கைகளாலும் சாண் சாணாகத் தடவிக்கொண்டு போனார். நானும் செருப்பைக் கழற்றினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். ஒரு காலைச் சகதியில் வைத்தேன். அந்த இருட்டறை ஞாபகம் வந்தது. காலை எடுத்துவிட்டேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு மூலையைத்தான் தாண்டியிருந்தார். மூன்று சில்லுகளை எடுத்து வரப்பில் போட்டிருந்தார். விரல்களில் ரத்தம். காலில் போட்ட புதுக் கட்டு சகதியில் கறுத்து அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. வெயில் ஏறியது, நாற்று தலை சாய்ந்தது. கையால் தடவி உச்சிக்குள் முடிகிற வேலை இல்லை என்பது வரப்பில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

அப்போது அவர் மனைவி மாரித்தாய் வந்தாள். ஊரான் எச்சியை அள்ளுகிறாரே என்று பத்து வருஷமாக அவரோடு சண்டை போட்டவள். பேராச்சி நடந்ததைச் சொன்னாள். மாரித்தாய் கேட்டுவிட்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகினாள். வரப்பிலிருந்து இறங்கினாள்.

"ஏட்டி, எறங்காத! மேல ஏறு!" பாண்டி மண்டியிட்டபடியே அவளை நோக்கி நகர்ந்தார். "செத்துப் போவட்டி. நான் இப்பதான் ஆஸ்பத்திரில பாத்துட்டு வாரேன். அந்தப் பிள்ள ஒடம்பு வில்லா வளையுது."

"ஒங்க காலுக்குத்தான உசிரு இல்ல. எனக்கு இருக்கு."

"நான் தடவி முடிச்சிருவேன் மாரி."

"எப்ப? நாளைக்கா? அதுக்குள்ள இவுக வயித்துக்கு இல்லன்னு எறங்கிருவாக. அதுல எவ காலு போனாலும் பழி நம்ம வீட்டு வாசல்லதான் கெடக்கும்." குரலைத் தாழ்த்தி, "ஊசி இருக்குல்லா, போட்டுக்கிடலாம்" என்றாள்.

நடக்க ஆரம்பித்தாள். ஒரு பாதத்தை ஒட்டி அடுத்த பாதம். பாண்டி அவள் பின்னாலேயே மண்டியிட்டு நகர்ந்தார். அவள் நிற்கிற இடத்தில் அவள் பாதத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். முதலில் வந்தது மாங்கொட்டை. அடுத்தது கூழாங்கல். நம்பிராஜன் குடையை மடக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

மூன்றாம் தடவை அவள் நின்றபோது குனிந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து வயல் தண்ணீரால் கழுவினார். சில்லு குதிகாலில் பாதி உள்ளே போயிருந்தது. உருவினார். ரத்தம் அவர் மணிக்கட்டு வழியாக ஓடித் தண்ணீரில் விழுந்தது. வயலில் இன்னும் முக்கால் பங்கு மீதி இருந்தது.

"வலிக்குதா மாரி?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தார்.

"வலிக்கத்தான செய்யும். அதுக்குத்தான எறங்கியிருக்கேன்" என்று சொல்லி, காலை அவர் கையிலிருந்து உருவி அடுத்த அடியைச் சகதியில் வைத்தாள்.