முதல் ஆளாக ஆற்றில் இறங்கியவர்

கோமதிநாயகம் அண்ணாச்சி போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "காலில் காயம் ஏதும் இருக்கா?" என்பதுதான். தகவல் சொன்ன அவருடைய மைத்துனருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "காயமா? ஆத்துல குளிச்சிட்டுப் படியில வந்து இருந்திருக்காரு. அப்படியே சாஞ்சுட்டாரு. நெஞ்சுவலிங்காக," என்றார். அம்பாசமுத்திரத்தில் பஸ் பிடித்து மீனாட்சிபுரம் வந்து சேர்ந்ததும், முகத்தைப் பார்க்கும் முன் அவர் பாதங்களைத்தான் பார்த்தேன். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஜங்ஷன் பக்கம் அவர் கண்ணாடிக் கடையில் சாமி படத்துக்குச் சட்டம் போட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அளவெடுக்கும்போதே நாலு பேரைக் கேலி பண்ணிவிடுவார். நான் அவர் வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் பல வருஷம் குடியிருந்த வாத்தியார். எனக்குத் தெரிந்த அண்ணாச்சியை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவரைப் பற்றிச் சொல்லாமல் எழுதினால் இந்த அஞ்சலி பாதிப் பொய்யாகிவிடும்.

அவருக்கு மீன் வளர்க்கும் பித்து உண்டு. தொண்ணூறாம் வருஷம் வாக்கில் மெட்ராஸிலிருந்து வந்த உறவினர் ஒருவர், பிளாஸ்டிக் பையில் ஆறு குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரானா. தென்னமெரிக்க ஆறுகளில் கூட்டமாகத் திரியும் மீன். பல் ரம்பம் மாதிரி இருக்கும். வந்தபோது எட்டணாக் காசு அளவுதான். இரண்டடித் தொட்டியில் விட்டார். கோழி ஈரலையும் சாளை மீனையும் தின்று அவை வளர்ந்த வேகத்தில் மூன்றடித் தொட்டிக்கு மாற்றினார். அதுவும் போதவில்லை. ஒன்றின் வாலை ஒன்று கடித்துவைக்க ஆரம்பித்தன.

"இன்னைக்குள்ள மீனைப் பாத்துத் தொட்டி செய்யப்பிடாதுவே. அது ஆகப்போற மீனைப் பாத்துச் செய்யணும்," என்றார். ஒவ்வொன்றும் ஒரு அடி வரை வளருமாம். ஆறு மீனுக்கு ஆறடி நீளமாவது, இரண்டரை அடி அகலமாவது வேண்டும் என்று கணக்குப் போட்டார். ஆழமாகச் செய்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "உயரம் பாக்குத நமக்கு. நீளமும் அகலமும்தாம்வே மீனுக்கு. வீச்சாப் போயித் திரும்ப எடம் இல்லன்னா ஒண்ணை ஒண்ணு தின்னுரும்." தடித்த கண்ணாடி வரவழைத்துக் கடைச் சுவரோரம் சாய்த்தும் வைத்துவிட்டார். ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. சட்டம் போடும் வேலை குவிந்து கிடந்தது. "தீபாவளி முடியட்டும்வே" என்றார்.

தீபாவளி முடிந்தது. தொண்ணூற்றிரண்டின் வெள்ளம் வந்தது.

தெருவில் முழங்கால் அளவாக இருந்த தண்ணீர், சாமான்களை ஒதுக்குவதற்குள் வீட்டுக்குள் கழுத்தளவு ஏறியது. அதற்குள் நானும் அவரும் அரிசிச் சல்லடையால் மீன்களை அள்ளி, அண்ணாச்சியின் மனைவியான மதினியின் கல்யாணச் சீர் அண்டாவில் போட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போயிருந்தோம். மேலே ஒரு பத்தமடைப் பாயைப் போட்டு மூடி, செங்கல்லைப் பாரம் வைத்தார். ஆறடி வேண்டிய மீன்கள் அண்டாவுக்குள். இரண்டு குடும்பமும் தார்ப்பாய்க்கடியில் நனைந்துகொண்டு கிடந்தோம். விடிந்தபோது காற்றில் பாய் ஒதுங்கியிருந்தது. அண்டாவின் கலங்கல் தண்ணீருக்குள் குனிந்து பார்த்த அண்ணாச்சி நிமிரவே இல்லை. பிறகு, "அஞ்சுதாம்வே இருக்கு," என்றார்.

மாடி முழுக்கத் தேடினோம். துள்ளி விழுந்திருந்தால், மழைத்தண்ணீரோடு குழாய் வழியாகத் தெருவுக்குப் போயிருக்கும். தெருவே அப்போது ஆறுதான்.

வெள்ளம் வடிந்ததும் தொட்டியை ஒட்டினார். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கு மேலே வருமாறு செங்கல் மேடை கட்டி அதன்மேல் ஏற்றினார். அதனால் அந்த மீன்களை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சிவந்த அடிவயிறுகள் தலைக்கு மேலே போய்த் திரும்பும். அப்படியொரு அழகான தொட்டியை நான் பார்த்ததில்லை. அவரோ ஈரலைப் போட்டுவிட்டு நின்று பார்க்காமல் வந்துவிடுவார்.

சளி பிடிக்கும் என்று வெந்நீரைத் தவிர வேறெதிலும் குளிக்காத மனிதர், மறு வாரமே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார். பெண்டுகளும் பிள்ளைகளும் வருமுன் படித்துறையில் இருப்பார். முந்திக்கொண்டு ஓடிவரும் பயல்களை, "இருங்கலே, நான் மொதல்ல எறங்கிக்கிடுதேன்," என்று தடுத்துவிட்டு இறங்குவார். இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நிற்பார். கெண்டைக் குஞ்சுகள் குதிகாலைக் கொத்தும்போது அவர் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியாது. ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன். "என்ன அண்ணாச்சி இது கிறுக்குத்தனம்?"

"கடிக்கணும்னா மொதல்ல என்னையக் கடிக்கட்டும்வே. வளத்தவன் நாந்தான?"

ஒற்றை மீன் இவ்வளவு பெரிய ஆற்றில் பிழைத்திருக்காது என்று நானும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். "நீரு பாத்தீரா?" என்பார். நான் பார்க்கவில்லை. வருஷக் கணக்கில், காய்ச்சல் நாளிலும் அவர் போய் நின்றார். எனக்கு அம்பாசமுத்திரத்துக்கு மாற்றலான பிறகும் நின்றார். கடைசியில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுடுகாட்டில் சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த அன்று மதினி என்னைத் தொட்டி இருக்கும் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள், அன்று முக்காலியில் ஏறி ஈரல் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அந்த மீனு ஆத்துக்குப் போகலை. அண்டாவக் கவுத்துக் கழுவும்போது அடியில தலை கெடந்துச்சு. பல்லும் எலும்புமா. நாந்தான் எடுத்து வீசிட்டேன்."

நான் அண்ணாந்து தொட்டியிலிருந்த மீன்களை எண்ணினேன்.

"ஒண்ணை ஒண்ணு தின்னுட்டுன்னு தெரிஞ்சா அவுக தாங்க மாட்டாக. தீபாவளி முடியட்டும்னு தொட்டியத் தள்ளிப்போட்டமேன்னு சோறு திங்காமக் கெடப்பாக. ஆத்துக்குப் போயிட்டுன்னா, எங்கனயோ உசுரோட இருக்குன்னு மனசு ஆறிக்கிடும்னு நெனச்சேன். அவுக ஆத்துக்குப் போக ஆரம்பிச்ச பொறவு எப்படிச் சொல்ல? சொன்னா, இத்தனை நாளு ஏன் சொல்லலன்னு கேப்பாகளே. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு..."

மதினி கையிலிருந்த மிச்ச ஈரலையும் தண்ணீருக்குள் போட்டார்கள். தலைக்கு மேலே ஐந்து மீன்களும் வீச்சாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. மதினி மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. அண்ணாச்சி மேல்தான் கோபம் வந்தது. இப்படி ஒரு பயத்தைத் தனியாகச் சுமந்து தீர்த்த மனுஷனை வேறென்ன செய்வது?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புமுன் படித்துறைக்குப் போனேன். ஆற்றில் அந்த மீன் இல்லை என்று எனக்குத் தெரியும். பயல்கள் கத்திக்கொண்டு படியிறங்கி வந்தார்கள். "இருங்கலே, நான் மொதல்ல எறங்கிக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். குதிகாலை ஏதோ கொத்தியது. கெண்டைக் குஞ்சுதான், நன்றாகத் தெரியும். பயல்கள் எல்லோரும் குளித்துக் கரையேறும் வரை நான் அங்கேயே நின்றேன்.